பேருந்து முழுக்க நோன்பு

நீங்கள் சன்னல் பக்கமே இருங்கள். எனக்கு இந்த ஓரம் போதும். பை மடியில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. இந்தாருங்கள், கடலை மிட்டாய். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு. கடித்தால் பல்லில் ஒட்டாது. வேண்டாமா? சரி, டப்பாவைத் திறந்து நடுவில் வைக்கிறேன். தோன்றும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்காட்டைப் பார்க்கிறீர்களா? இது வெயிலுக்கு. வெயிலுக்கு மட்டும்தான். இப்போதெல்லாம் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் இதே நோன்பு மாதத்தில், இதே பேருந்தில், சொல்லாமல் விட்டதால் நாற்பத்தொரு பேர் பட்டினி கிடந்தார்கள். ஓட்டுநர், நடத்துநரோடு நாற்பத்து மூன்று. ஒரு கைக்குழந்தை இருந்தது, அதைச் சேர்க்கவில்லை. அது மட்டும் பால் குடித்தது.

என் பெயர் மாரிக்கனி. சேத்தூரணி வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். எங்கள் அய்யா கரிமூட்டம் போடுகிறவர். எங்கள் தெருவுக்கு அரசாங்கக் கவர் வந்தால் அது நோட்டீஸாக இருக்கும், இல்லையென்றால் அதைவிட மோசமாக இருக்கும். என்னுடைய நியமன ஆணையைத் தபால்காரர் கொண்டுவந்தபோது அய்யா வாங்க மறுத்துவிட்டார். “நாங்க ஒரு தப்பும் பண்ணலயே சாமி” என்றார். அப்படிப்பட்ட வீடு.

பதினைந்து நாளுக்குள் பணியில் சேர வேண்டும், தவறினால் ஆணை ரத்து என்று அதில் இருந்தது. ஒரு நிமிடம் தாமதமானாலும் ரத்து. இல்லை, ஒரு நிமிடம் என்று அதில் இல்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது. உடற்தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் விடுப்பில் போய்விட்டார். அவர் வந்து போட்டது பதினான்காம் நாள் சாயங்காலம். மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்தே முக்காலுக்குள் சேத்தூரணியில் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அந்த வாரம்தான் இந்தப் பக்கம் கலவரம். கலவரம் என்றுதான் எங்கள் ஊரில் சொன்னார்கள். என்னவென்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பேப்பரில் ‘பதற்றம்’ என்று போட்டிருந்தது. கூடவே நோன்பு மாதம். பதற்றத்தில் எப்படிப் போவது என்பது ஒரு பயம். நோன்பு இருக்கிறவர்கள் நடுவில் என்ன செய்தால் தப்பாகிவிடும் என்பது இன்னொரு பயம். எங்கள் ஊரில் முஸ்லிம் வீடே கிடையாது. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவள் கவனமாகத்தானே இருக்க வேண்டும்?

கல்லூரி வாட்ஸப் குழுவில் கேட்டேன். சுடர்விழி என்று ஒரு தோழி உடனே ஒன்றை அனுப்பிவைத்தாள். ‘பதற்றமும் நோன்பும் உள்ள பகுதியில் பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் பயணம் செய்யப் பதினான்கு விதிகள்.’ எனக்காகவே எழுதியதுபோல இருந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளூர் முறைப்படி வணக்கம் சொல்ல வேண்டும். நோன்பாளிகள் முன்னால் சாப்பிடவோ, தண்ணீர் குடிக்கவோ கூடாது. அவர்களுக்கு உணவை நீட்டவும் கூடாது. போராட்டம் பற்றிப் பேசக் கூடாது. எங்கே, எதற்குப் போகிறோம் என்பதை யாருக்கும் சொல்லக் கூடாது. எட்டாவது விதி, ஒட்டகத்தை அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள். அதையும் எழுதிக்கொண்டேன். பாஸ்போர்ட் நகல் மூன்று வைத்திருக்கவும் என்று இருந்தது. என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. ரேஷன் கார்டை மூன்று நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கினேன். உங்கள் தூதரகத்தின் எண்ணைக் கையோடு வைத்திருங்கள் என்றும் இருந்தது. எங்கள் ஊருக்குத் தூதரகம் எது என்று நான் ஒரு மணி நேரம் யோசித்தேன். கடைசியில் கலெக்டர் அலுவலக எண்ணை எழுதிக்கொண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. அது ஏதோ பாலைவன நாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு யாரோ எழுதியது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தாருங்கள், சிரித்த வாய்க்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வேண்டாமா? இருக்கட்டும்.

அன்று காலை பயத்தில் எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அம்மா இட்லி வைத்தாள், தொடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் வழியில் இறங்க வேண்டிவருமே என்று ஒரு யோசனை. அம்மாதான், “கிறுகிறுன்னு வந்தா வாயில போட்டுக்கோ” என்று கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைப் பைக்குள், சான்றிதழ் கோப்புக்கு அடியில் செருகிவிட்டாள். முக்காட்டை நான்கு ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிப் பேருந்தில் ஏறினேன்.

பெண்கள் இருக்கையில் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைத் துப்பட்டி, கனத்த உடம்பு, மடியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மைமூன் பீவி என்று பெயர், சேத்தூரணிக்காரர். அப்போது எனக்குத் தெரியாது. நான் இரண்டாம் விதிப்படி, வீட்டில் இருபது தடவை சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். “அஸ்ஸலாமு அலைக்கும்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “வ அலைக்கும் ஸலாம். வா மகளே, இங்கன உக்காரு. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. நோன்பா?”

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. “காலையிலருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலம்மா” என்றேன். அது சத்தியமான உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

“அல்லாவே, இந்த வெயில்ல!” என்றார். டிபன் பாக்ஸின் மூடியைப் பாதி திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டக்கென்று அழுத்தி மூடினார். சாயங்காலம் நோன்பு திறக்க வைத்திருக்கிறார் போலிருக்கிறது, பாவம், பார்த்துப் பார்த்துப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

முன் இருக்கையில் இருளாயி என்று ஒரு பெண். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவள். காலடியில் தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. அவள் தனக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோகையில் மைமூனம்மா அவள் தோளைத் தட்டினார். “அம்மா, தப்பா நெனைக்காதே. நம்ம புள்ள நோன்பு வச்சிருக்கு.”

இருளாயி திரும்பி என்னைப் பார்த்தாள். உருட்டிய சோற்றை அப்படியே வாளிக்குள் போட்டுவிட்டு, “ஐயோ, மணம் வந்திருச்சா தாயி? கவனிக்கலயே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாளியை மூடியதோடு விடாமல் மேலே ஒரு சேலையையும் சுற்றினாள். பின்னால் ஒருவர் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நடத்துநர் தவசி அவரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். கடித்த பழம் அப்படியே சட்டைப் பைக்குள் போயிற்று. தவசியும் பாட்டிலில் வைத்திருந்த டீயை ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். விசில் ஊதக்கூட வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு கம்பியைத் தட்டித்தான் வண்டியை நிறுத்தினார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஆகா, பேருந்தில் எல்லோருமே நோன்பு இருக்கிறார்கள். நல்லவேளை, விதிப்படி நடந்துகொண்டோம். உள்ளுக்குள் சுடர்விழிக்கு நன்றி சொன்னேன்.

பதினொரு மணிக்குக் கீழமடை விலக்கில் வண்டி நின்றது. மறியல்.

விஷயம் இதுதான். இந்தப் பக்கம் புதிதாக ஒரு தாலுகா பிரித்தார்கள். தாலுகா ஆபீஸ் கீழமடைக்கு என்று பேச்சு. உத்தரவு வந்தபோது சேத்தூரணிக்கு என்று வந்துவிட்டது. கீழமடைக்காரர்கள் ரோட்டின் குறுக்கே கயிறு கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். அன்று மூன்றாம் நாள். மதம், சாதி ஒன்றும் இல்லை. இரண்டு ஊரிலும் எல்லா ஆட்களும் இருக்கிறார்கள். கீழமடை ஆட்கள் அத்தனை பேரும் ஒரு பக்கம், சேத்தூரணி ஆட்கள் அத்தனை பேரும் இன்னொரு பக்கம். அவ்வளவுதான். நான் கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். போராட்டம் பற்றிப் பேசக் கூடாது என்பது ஐந்தாம் விதி.

ஐந்து பேர் சேர்ந்து கூடக் கூடாது என்று போலீஸ் உத்தரவு போட்டிருந்தது. அதனால் அவர்கள் நான்கு நான்கு பேராக, நடுவில் ஒரு முழம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு முப்பது கூட்டம். வேப்பமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் அவ்வப்போது எழுந்து வந்து இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பந்தலில் இரண்டு தலைவர்கள். ஒருவர் சிக்கந்தர் பாய், சைக்கிள் கடைக்காரர். இன்னொருவர் அழகர் அண்ணன், உரக்கடைக்காரர். இருவர் தலைக்கு மேலும் ‘காலவரையற்ற உண்ணாவிரதம்’ என்று பேனர். இதில் ஒரு சிக்கல். சிக்கந்தர் பாய்க்கு நோன்பு. சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கஞ்சி குடித்தாக வேண்டும். சேத்தூரணிக்காரர்கள் விடுவார்களா? “ஒங்க தலைவர் ஒரே பட்டினிய அல்லாவுக்கும் காட்டுறாரு, கலெக்டருக்கும் காட்டுறாரு” என்று நோட்டீஸே அடித்துவிட்டார்கள். அதனால் பேனரில் அவர் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பகல் மட்டும்’ என்று சேர்த்திருந்தார்கள்.

அவர்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்தத் தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் ஆள் நேரில் வந்து மனுவை வாங்க வேண்டும். அதுவரை வண்டி போகாது. ஆனால் அந்த ஆபீஸில் ஆளே இல்லை. வேறு தாலுகாவின் தாசில்தார்தான் பொறுப்பு. அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். வேறு பாதையில் போகலாம் என்றால் அருப்புக்கோட்டைக்கே திரும்பிப் போய்ச் சுற்ற வேண்டும். போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும்.

பைக்குள் என் ஆணை இருந்தது. சேத்தூரணி வட்டாட்சியர் அலுவலகம் என்று தடித்த எழுத்தில். அந்த ஆபீஸின் முதல் ஆள் நான்தான். பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. பங்குனி வெயில். பேருந்தின் தகரம் அடுப்பில் வைத்த சட்டிபோல ஆகிவிட்டது. யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை. எல்லோருடைய பையிலும் எல்லாமே இருந்தது. அது எனக்குத் தெரியாது. கைக்குழந்தைக்காரி பாலைக் கொடுக்கக்கூட எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒரு ஆள், “எவ்வளவு நேரம்யா உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு…” என்று ஆரம்பித்தார். தவசி, “அந்தப் பொண்ணு இருக்கு, ஒமக்கு என்ன, எருமை மாடு மாதிரி இருக்கீரு” என்று அடக்கினார். நான் அந்த எருமை மாட்டைப் பார்த்து, இவரும் நோன்புதானே, தவசி இப்படிப் பேசலாமா என்று வருத்தப்பட்டேன்.

இரண்டு மணிக்கு மைமூனம்மாவுக்கு வியர்த்தது. சாதாரண வியர்வை இல்லை. மழையில் நனைந்ததுபோல ஊற்றியது. கை நடுங்கியது. “பஸ்ஸு ஏன் பின்னாடி போகுது?” என்றார். பஸ் நின்றுகொண்டிருந்தது. அப்புறம் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

“சுகரு… சுகரு…” என்று முனகினார்.

என் கை பைக்குள் போனது. பொட்டலத்தைத் தொட்டும்விட்டது. அங்கேயே நின்றுவிட்டது. நோன்பாளிக்கு உணவை நீட்டக் கூடாது, நான்காம் விதி. எனக்குப் புரிகிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. ஓர் உயிர் போகிறது, விதியாவது ஒன்றாவது. ஆனால் நான் பிறந்ததிலிருந்து யாரோ எழுதிவைத்ததைச் சரியாகச் செய்துதான் இவ்வளவு தூரம் வந்தேன். அதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியாது. “அம்மாவுக்கு நோன்பு, இப்ப எப்படிக் குடுக்குறது, யாரைக் கேக்குறது?” என்று கத்தினேன். பேருந்து முழுக்க அதே கேள்வி. இருளாயி, “பாயைக் கூப்புடுங்க, அவருக்குத்தான் தெரியும்” என்றாள்.

சிக்கந்தர் பாய் பந்தலிலிருந்து ஓடிவந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். “உசுரு போறப்ப என்னத்தா நோன்பு! யாருகிட்டயாச்சும் இனிப்பு இருக்கா? குடுங்க, பாவம் வந்தா என் தலையில வரட்டும்!”

ஒருவரும் அசையவில்லை. தன்னிடம் தீனி இருக்கிறது என்று எனக்கு முன்னால் ஒப்புக்கொள்ள அத்தனை பேருக்கும் வெட்கம்.

நான் பொட்டலத்தை இழுத்தேன். கூடவே கோப்பும் வந்தது. சான்றிதழ்கள் எல்லாம் காலடியில் சிதறின. இரண்டு மிட்டாயை ஒடித்து மைமூனம்மா வாயில் வைத்தேன். தவசி ஒளித்துவைத்த டீயைக் கொண்டுவந்தார். இனிப்புத் தூக்கலான டீ. பத்து நிமிடத்தில் அவர் கண் தெளிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் அழுதேவிட்டேன். “மன்னிச்சிருங்கம்மா, நோன்ப முறிச்சுட்டேன்.”

“யாரு நோன்ப?”

“உங்க நோன்ப.”

“நான் எங்க புள்ள நோன்பு வச்சேன்? நான் சுகர்க்காரி. சீக்காளிக்கும் பயணத்துல இருக்குறவுகளுக்கும் அல்லா விலக்குக் குடுத்திருக்கான். நான் அதுக்குப் பதிலா தெனம் ஒரு ஏழைக்குச் சோறு குடுத்துட்டு வாரேன். பத்து மணிக்கு இட்லி திங்கணும், மருந்து போட்டாச்சு. நீ நோன்போட பக்கத்துல இருக்கையில நான் எப்படித் திங்கிறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிக்கந்தர் பாயும் பார்த்தார். அப்போது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது.

“நானும் நோன்பு இல்லம்மா.”

“பின்ன முக்காடு?”

“மரியாதைக்கு.”

“ஸலாம் சொன்னியே?”

“அதுவும் மரியாதைக்குத்தாம்மா.”

“ஏன் ஒண்ணும் திங்கல?”

“நீங்க நோன்புன்னு…”

மைமூனம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு பேருந்தைப் பார்த்துக் கேட்டார். “இங்க யாரு நோன்பு? கையத் தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை. சன்னலுக்கு வெளியே சிக்கந்தர் பாய் மட்டும் பழக்கத்தில் கையைத் தூக்கினார்.

“நாசமாப் போச்சு!” என்றாள் இருளாயி. வாளியின்மேல் சுற்றிய சேலையை அவிழ்த்து எறிந்தாள். அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு பையிலிருந்தும் ஒவ்வொன்று வந்தது. இட்லி, எலுமிச்சைச் சாதம், அவித்த கடலை, சட்டைப் பையிலிருந்து அந்தக் கடித்த கொய்யா. எனக்கு எட்டு பேர் ஊட்டிவிட்டார்கள். நான் சிக்கந்தர் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். “தின்னு தாயி. என் நோன்பு என்ன, புளிச்சோத்து மணத்துக்கு ஓடிப்போற நோன்பா?” என்று சிரித்தார். அழகர் அண்ணன்தான் தாங்கவில்லை. மூன்று நாள் பட்டினி. பந்தலிலிருந்து, “சன்னலச் சாத்தித் தொலைங்களேம்மா!” என்று கத்தினார்.

அந்தச் சிரிப்பில் யாரும் கவனிக்கவில்லை. சிக்கந்தர் பாய் கீழே சிதறிய தாள்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றில் கை நின்றது. வாய்விட்டுப் படித்தார். “சேத்தூரணி… வட்டாட்சியர்… அலுவலகம்.”

பேருந்தில் மெல்லுகிற சத்தம் நின்றது.

“நீ அந்த ஆபீசு ஆளா?”

“இன்னும் இல்ல சார். ஐந்தே முக்காலுக்குள்ள கையெழுத்துப் போட்டாத்தான் ஆளு. போடலேன்னா ஆணை ரத்து.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. “எங்க வீட்டுல நான்தான் சார் மொதல்ல.”

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் வேலை அந்தக் கையில் இருந்தது. கிழித்தால் கிழிந்ததுதான். அவர் பந்தலைப் பார்த்துத் திரும்பி, “அழகரு! ஆபீசுலருந்து ஆளு வந்தாச்சுடா!” என்று கூவினார்.

முப்பது கூட்டமும் எழுந்து ஓடிவந்து ஒரே கூட்டம் ஆகிவிட்டது. போலீஸ்காரர்கள்கூட எண்ணவில்லை. மனுவை ஒரு தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். “வாங்கிக்கம்மா. வாங்குனா மறியல் முடிஞ்சது, பஸ்ஸு போகலாம்.”

நீங்களாக இருந்தால் வாங்கியிருப்பீர்கள். யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள். நான், “வாங்க முடியாது சார்” என்றேன்.

“ஏன்?”

“பணியில் சேராதவங்க மனு வாங்கினா செல்லாது. எனக்கு அதிகாரம் இல்ல.”

“அட, சும்மா கையில வாங்கு புள்ள!”

“சும்மா வாங்கினா உங்களை ஏமாத்தினதா ஆகும் சார்.”

மைமூனம்மா தலையில் அடித்துக்கொண்டார். “ஏன்டி, காலையில ஒரு வார்த்தை உள்ளதச் சொல்லாம எங்களைப் பட்டினி போட்ட. இப்ப வந்து அரிச்சந்திரன் பேத்தியாட்டம் பேசுற!”

“அம்மா, காலையிலயும் நான் பொய் சொல்லல” என்றேன். அவர் கையை ஓங்கிவிட்டார்.

ஆக, மனுவை வாங்கினால்தான் பேருந்து போகும். பேருந்து போனால்தான் நான் சேர முடியும். சேர்ந்தால்தான் மனுவை வாங்க முடியும். ஒரு மணி நேரம் இதையே பேசினோம். மூன்றரை ஆகிவிட்டது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் கையை நீட்டவில்லை. கடைசியில் சிக்கந்தர் பாய் துண்டை உதறித் தோளில் போட்டார். “இது வேலைக்கு ஆகாது. நானே வாரேன். இவ கையெழுத்துப் போட்டதும் அங்கேயே மனுவக் குடுக்குறேன். அழகரு, கயித்த அவுறு.”

“அது எதிரி ஊரு பாய்” என்றார் அழகர் அண்ணன்.

“எதிரி ஊருல நோன்புக் கஞ்சி ஊத்த மாட்டாங்களா?”

தாம்பாளத்தோடு ஏறி உட்கார்ந்தார். ஓட்டுநர் அன்றைக்கு ஓட்டியதுபோல யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. நிறுத்தத்தில் நிறுத்தவே இல்லை. கை காட்டினவர்களைப் பார்த்துப் பேருந்தே கத்தியது, “ஆபீசு மூடப் போறாங்க!” என்று.

ஆபீஸ் ஒரு பழைய அரிசி ஆலையில் இருந்தது. பொறுப்புத் தாசில்தார் கொடுத்துவைத்த பதிவேட்டைக் காவலாளி நீட்டினார். ஐந்து முப்பத்தொன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் திரும்பினால் வாசலில் நாற்பது பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சிக்கந்தர் பாய் கேட்டார், “இப்ப ஆளுதான?”

“ஆளுதான் சார்.”

வாங்கினேன். முத்திரை இன்னும் செய்து வரவில்லை. கையாலேயே தேதி எழுதி, பதிவேட்டில் முதல் எண் போட்டேன். மனுவின் பொருள்: இந்த அலுவலகத்தை இங்கிருந்து உடனே அகற்ற வேண்டுதல். நான் அரசாங்கத்துக்குச் செய்த முதல் வேலை அது.

“வேல நெலைக்கட்டும் தாயி. ஆபீசு மட்டும் எங்க ஊருக்கு வந்துரட்டும்” என்று வாழ்த்தினார். பாங்கு சொன்னதும் சேத்தூரணிப் பள்ளிவாசலில் அவருக்கு முதல் கிண்ணம் கஞ்சி ஊற்றினார்கள். நோட்டீஸ் அடித்த ஆளே ஊற்றினாராம். மைமூனம்மா எனக்கு ஒரு தூக்குவாளி நிறைய வாங்கி அனுப்பினார். இன்றைக்கும் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அந்த மனு? அது நடவடிக்கையில் இருக்கிறது. அந்தக் கோப்பு என் மேசையில்தான். வாரம் ஒருமுறை சிக்கந்தர் பாய் வந்து கேட்பார். தூசி தட்டி எடுத்துக் காட்டுவேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நீங்களும் அந்தத் தப்பைச் செய்துவிடக் கூடாது. ஏறியதிலிருந்து பார்க்கிறேன். நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. மிட்டாயை நீட்டினால் சன்னலைப் பார்க்கிறீர்கள். என் முக்காட்டைப் பார்த்துத் தயங்குகிறீர்கள், எனக்குத் தெரியாதா? அதனால்தான் உங்கள் முன்னாலேயே நானும் சாப்பிட்டுக் காட்டிக்கொண்டு வருகிறேன். மரியாதை என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான். பட்டினி கிடப்பது இல்லை. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டுமா? பாட்டிலைத் திறந்து தரட்டுமா?

என்ன?

நீங்களா? நோன்பா?

நீங்கள் முக்காடு போடவில்லையே… இல்லை, இல்லை, போட வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் பெயர் என்ன? பாத்திமாவா? அருப்புக்கோட்டையிலிருந்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் பேசிக்கொண்டிருந்தேனா? நடுவில் இடைஞ்சல் பண்ண வேண்டாம் என்று இருந்தீர்களா?

இதோ டப்பாவை மூடிவிட்டேன். பாட்டிலும் உள்ளே போய்விட்டது. மணம் வருகிறதா? அந்தச் சன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

இல்லை, நான் சாப்பிடவில்லை. உண்மையாகவே எனக்குப் பசியில்லை. உங்களுக்காக இல்லை. சேத்தூரணி இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே? இருந்துவிடுவேன். நீங்கள் வற்புறுத்தாதீர்கள்.

வாயில் ஒரு துண்டு கிடக்கிறது. நான் அதை மெல்லவில்லை.